அரைக் கிரவுண்டின் கதை

சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவரிடம், "சொந்த வீடு எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார், பிறகு பெருமூச்சு விடுவார், அதற்கும் பிறகு, தாம் பார்த்துவிட்டு வந்த மனைகளின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்குவார். அப்படிப்பட்ட சரித்திரம் ஒன்றை நாம் பொறுமையாய் உட்கார்ந்து கேட்க நேர்ந்தது. சொன்னவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. திருவல்லிக்கேணியில் இருபது வருஷத்துக்கு மேல் ஒண்டுக் குடித்தனம். சீட்டுப் பணமும், இரண்டு ஜதை வளையல் விற்ற பணமும் சேர்த்து, 2009-ஆம் வருஷத்தில் தாம்பரத்துக்கு அப்பால் அரைக் கிரவுண்டு வாங்கினார். இருபதடி அகலம், அறுபதடி நீளம். ஆக 1,200 சதுர அடி. விற்றவர் கொடுத்த வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் முத்திரை நன்றாகத் தெளிவாக இருந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல் அம்மா, கவலையே வேண்டாம்" என்றாராம் தரகர்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் சட்டப்படி அந்த முத்திரைக்குக் கிடையாது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், வெளியே என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககமும் தொழில்நுட்ப அனுமதி தந்திருக்க வேண்டும். இது ஆசிரியைக்குத் தெரியாது. தரகருக்குத் தெரிந்திருக்கும். 2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாதென்று தடை விதித்தது. வயல்களும் ஏரிக்கரைகளும் கல் நட்டு விற்பனையாகிக் கொண்டிருந்த வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே மாதத்தில் ஆசிரியையின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நிலம் இருந்தது, விற்க முடியவில்லை. கட்டவும் முடியவில்லை.

"அங்கீகரித்த மனையையே வாங்கியிருக்கலாமே?" என்று நாம் கேட்டோம். கேட்டிருக்க வேண்டாம். "விலை இரண்டு பங்கு இருந்ததே, ஐயா" என்றார் அவர்.

ஏன் அந்த விலை? இங்கேதான் விஷயம் ஆரம்பமாகிறது.

ஓர் ஏக்கர் நிலம் என்பது பதினெட்டுக் கிரவுண்டு. விதிப்படி அதை மனைகளாகப் பிரிப்பவர், குறிப்பிட்ட அகலத்துக்குக் குறையாமல் சாலைகள் விட வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமானால், சாலை போக எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்க வேண்டும், அல்லது சிறிய இடங்களில் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். எல்லாம் போக விற்பதற்கு மிஞ்சுவது பத்து அல்லது பதினோரு கிரவுண்டு. பதினெட்டுக்குக் கொடுத்த விலையைப் பதினொன்றில் வசூலிக்க வேண்டும். அனுமதிக்காக மாதக் கணக்கில் காத்திருந்தால் அந்த மாதங்களுக்கான வட்டியும் அதன் தலையில்தான் ஏறும். அங்கீகாரம் பெறாத மனைக்காரனோ சாலையைப் பதினைந்து அடியாகக் குறுக்குவான். பூங்கா என்று ஒரு மூலையைப் படத்தில் காட்டி, பிறகு அதையும் விற்றுவிடுவான். ஆகவே அவனால் மலிவாய்க் கொடுக்க முடிகிறது. பூங்காவும் அகலமான தெருவும் நல்லவை அல்ல என்று நாம் சொல்லவில்லை. நல்லவற்றுக்கும் விலை உண்டு, அந்த விலையைக் கடைசியில் வாங்குபவரே கொடுக்கிறார் என்பதைத்தான் சொல்கிறோம். கொடுக்க முடியாதவர் விதிக்கு வெளியே போய் வீடு தேடுகிறார்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? பிரிட்டனில் 1909-ஆம் வருஷம் ஒரு நகரமைப்புச் சட்டம் செய்தார்கள். அதைப் பின்பற்றி பம்பாய் மாகாணத்தில் 1915-லும் சென்னை மாகாணத்தில் 1920-லும் சட்டங்கள் பிறந்தன. அதற்குச் சற்று முன்பு, 1914-15-ஆம் வருஷங்களில், பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெரியார் சென்னைக்கு வந்து நகரமைப்புக் கண்காட்சி ஒன்று நடத்தினார். இந்த மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கைகளும் எழுதினார். பழைய தெருக்களை மொத்தமாய் இடித்துத் தள்ளி நேர்க்கோடு போடுவது அவருக்குப் பிடிக்காது. எங்கே காற்று வரவில்லையோ அங்கே மட்டும் சிறிது அகற்றி, மற்றதை அப்படியே காப்பாற்றுவதுதான் அவர் சொன்ன வைத்தியம். பாராட்டினார்கள். பின்பற்றியதாகத் தெரியவில்லை.

1920-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பெரிய குழந்தை தியாகராய நகர். 1923 முதல் மாம்பலம் ஏரியை வற்றடித்து, அந்த இடத்தில் ஒரு பூங்காவும் அதிலிருந்து கிளம்பும் சாலைகளுமாக ஒரு புது நகரத்தை வரைந்தார்கள். அழகான நகரந்தான். பங்களாவும் தோட்டமுமாய் வாழக்கூடியவர்களுக்காக வரைந்த நகரம். ஏரியில் வீடு கட்டுவது மகா பாபம் என்று இன்று ஏழைகளிடம் சொல்கிறோம்; நமது நகரமைப்பின் முதற் பாடமே ஓர் ஏரியில்தான் எழுதப்பட்டது என்பதை இடைவெளியில் நினைவுபடுத்திக் கொள்ளலாம்.

நிற்க. மயிலாப்பூரின் மாடவீதிகளையோ திருவல்லிக்கேணிச் சந்துகளையோ பாருங்கள். வீட்டுக்கு வீடு பொதுச் சுவர், தெருவோடு ஒட்டிய திண்ணை, நடுவில் முற்றம். வெளிச்சமும் காற்றும் பக்கத்திலிருந்து வருவதில்லை, மேலேயிருந்து வருகின்றன. பதினைந்தடி அகல மனையில்கூட நிறைவான குடும்பம் நடந்தது. பங்களாவைக் கண்ணில் வைத்துக்கொண்டு எழுதிய விதிக்கு இந்த வீடு புரிவதில்லை. அது கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் காலியிடம் விடச் சொல்கிறது. பழைய நெருக்கமான பேட்டைகளைத் "தொடர் கட்டடப் பகுதி" என்று பிரித்து விலக்களித்திருக்கிறார்கள். ஆனால் புதிதாக ஒரு மாடவீதியைப் புறநகரில் கட்டிக்கொள்ள யாராவது ஆசைப்பட்டால், அனுமதி கிடைப்பது அரிது.

கணக்குப் புரிவதற்காக நாலு பக்கமும் ஐந்தைந்து அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். நாற்பதுக்கு அறுபது அளவுள்ள முழுக் கிரவுண்டில் முப்பதுக்கு ஐம்பது மிஞ்சும், 2,400-க்கு 1,500. அதாவது நூற்றுக்கு முப்பத்தேழரை பங்கு மண்ணாகவே கிடக்கும். ஆசிரியையின் அரைக் கிரவுண்டிலோ பத்துக்கு ஐம்பதுதான் மிஞ்சும், 1,200-க்கு 500. பாதிக்கும் மேல் போய்விட்டது! ஒரே விதி, பெரிய மனைக்காரருக்கு அது தோட்டம், சிறிய மனைக்காரருக்கு நஷ்டம். குறுகிய மனைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் விட்டால் போதும் என்பது போன்ற சலுகைகளை இன்றைய விதிகள் தந்திருக்கின்றன, உண்மைதான். இருந்தாலும் நாம் பார்த்த பல தெருக்களில் அந்த மூன்றடிச் சந்து உடைந்த நாற்காலி போடுவதற்கும், பக்கத்து வீட்டாரோடு சச்சரவு செய்வதற்குமே பயன்படுகிறது.

இனி எல்லோரும் "எப்.எஸ்.ஐ." என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டுக்கு வருவோம். பெயர்தான் பயமுறுத்துகிறது, பொருள் எளிது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளங்கள் கட்டலாம் என்பதே அது. குறியீடு ஒன்றானால், ஒரு கிரவுண்டில் எல்லா மாடிகளையும் கூட்டி 2,400 சதுர அடி கட்டலாம். இரண்டானால் 4,800. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு இது வெகு காலம் ஒன்றரையாக இருந்தது. 2019-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தொகுப்பாகக் கட்டட விதிகள் வந்தபோது இரண்டாக உயர்ந்தது. அகன்ற சாலையில் எழும் மிக உயர்ந்த கட்டடங்களுக்கு மூன்றே கால். மேற்கொண்டு வேண்டுமானால் அரசாங்கத்துக்குக் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பணம் இருக்கிறது, பாருங்கள். ஓர் இடத்தில் நிலம் சதுர அடி பதினாயிரம் ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிரவுண்டு இரண்டு கோடியே நாற்பது லட்சம். ஒன்றரைக் குறியீட்டில் 3,600 சதுர அடி கட்டினால், வீட்டின் ஒவ்வொரு சதுர அடிக்கும் நிலத்துக்காக மட்டும் 6,667 ரூபாய் விழுகிறது. இரண்டில் 5,000 ரூபாய். எண்ணூறு சதுர அடி வீடு வாங்குகிற குமாஸ்தாவுக்கு வித்தியாசம் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். ஒரு செங்கல் கூடுதலாக வைக்காமல், ஒரு சுவரின் சுண்ணாம்பைக் குறைக்காமல், சட்டப் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றியதால் வந்த வித்தியாசம் இது.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடுகிறவர்களை நாம் எச்சரிக்க வேண்டும். குறியீட்டை உயர்த்தினால் நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? "என் மனையில் இனி நாலு மாடி எழும்பும்" என்று விலையையும் உயர்த்துவார். ஒரு தெருவுக்கு மட்டும், அல்லது கட்டணம் கட்டக்கூடிய ஒரு சிலருக்கு மட்டும் உயர்த்தினால் லாபம் முழுவதும் நிலத்துக்காரர் மடியிலேயே விழும். நகரம் முழுவதும் ஒரேயடியாக உயர்த்தினால், விற்கிறவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டிவரும். அப்போதுதான் வாங்குகிறவருக்குச் சிறிது மூச்சு வரும். நியூஜீலந்தில் ஆக்லாந்து நகரத்தில் 2016-ஆம் வருஷம் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தார்கள். வருகிற வருஷங்களில் புதிய வீடுகள் வெகுவாகப் பெருகின. வாடகை ஏறிய வேகமும் மட்டுப்பட்டதென்று அவ்வூர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாடகை குறைந்துவிடவில்லை. ஏறியிருக்கக்கூடிய அளவு ஏறவில்லை. வாடகைக்காரருக்கு அதுவும் பெரிய காரியந்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணத்துக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. மாதுங்காவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் எது? பம்பாய் மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். பக்கவாட்டில் பரவ இடமில்லாத ஊர் மேலே எழும்பியிருக்க வேண்டும். அங்கே 1991-ஆம் வருஷத்து விதிகள் தீவுப் பகுதிக்கு 1.33, புறநகருக்கு 1 என்று குறியீட்டைக் கட்டிப்போட்டன. உலகத்தில் நிலத்தின் விலை மிக அதிகமான ஊர்களில் ஒன்றில், ஒரு மனையில் அந்த மனையளவே வீடு! போதாக்குறைக்கு, 1947-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் மாதத்து அளவிலேயே நிறுத்தி வைத்தது. குடியிருந்தவர் காலி செய்யவில்லை. சொந்தக்காரர் பழுது பார்க்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவதொரு பழங்கட்டடம் இடிந்து விழுந்து கொண்டிருந்தது. 2011-ஆம் வருஷக் குடிக்கணக்கில் மாநகராட்சி மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஏழைகள் என்று நினைக்க வேண்டாம். போலீஸ்காரர்கள் உண்டு, பாங்கிச் சிப்பந்திகள் உண்டு. 2018-ஆம் வருஷத்தில் புதிய திட்டம் வந்து எல்லையைத் தளர்த்தியது. ஆனால் பெரும்பாலும் கட்டணம் கட்டியும், பிறரிடமிருந்து கட்டட உரிமையை விலைக்கு வாங்கியுமே அந்தத் தளர்ச்சியைப் பெற வேண்டும். சென்னையும் கட்டண வழியைத் திறந்திருக்கிறது. அதில் வருமானம் வரத் தொடங்கிவிட்டால், அடிப்படை எண்ணை உயர்த்த எந்த அரசாங்கத்துக்கு மனம் வரும் என்பது நமது சந்தேகம்.

காரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அடுக்கு வீடு கட்டுகிறவர் வீடுகளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் தக்கபடி கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். சுமார் 135 சதுர அடி. வண்டி திரும்பி வெளியேறும் வழியையும் சேர்த்தால் அநேகமாய் அது இருமடங்காகும். ஐந்நூறு சதுர அடி வீட்டில் பாதியளவு ஒரு கார் கொட்டகை! இதனால்தான் சென்னையின் புதிய தெருக்களில் கீழ்த்தளம் முழுவதும் வெறுந் தூண்களாக நிற்கிறது. தாத்தாவும் பாட்டியும் மேலே போகிறார்கள், கார் கீழே இருக்கிறது. மனிதர் மாடியேற லிப்ட், அந்த லிப்டுக்கு மாதச் சந்தா. 2015-ஆம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தூண்தளங்கள் பலரைக் காப்பாற்றின என்று ஒரு நண்பர் வாதித்தார். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போகிற குடும்பமும் காருக்கு இடம் வாங்க வேண்டியதற்கு அது நியாயமாகாது.

இவ்வளவு சொன்னதனால் விதிகளே வேண்டாம் என்பது நமது கட்சி என்று யாரும் கருத வேண்டாம். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை பற்றிக்கொண்டு தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்டார்கள். தப்பி ஓட வழி போதவில்லை. 2014-ஆம் வருஷம் ஜூன் மாதம் சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து அறுபத்தொரு பேர் இறந்தார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பைத் தூர்த்ததன் பலனை 2015-ல் ஊரே அனுபவித்தது. இவையெல்லாம் விதி தளர்ந்ததனால், அல்லது விதியைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காததனால் வந்த கஷ்டங்கள். உயிர் காக்கும் விதி வேறு. அக்கம்பக்கத்தின் அந்தஸ்தைக் காக்கும் விதி வேறு. தூணுக்குள் எவ்வளவு இரும்பு, படிக்கட்டு எவ்வளவு அகலம், மழைநீர் எங்கே வடியும் என்பனவற்றில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள் இருக்கலாம், அவர்களுக்குக் கார் இருக்க வேண்டுமா என்பனவற்றில் சர்க்கார் இவ்வளவு பிடிவாதம் காட்டத் தேவையில்லை. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். எண்ணிக்கை விதிகள் காகிதத்தில் கடுமையாய் இருக்கின்றன. இரும்பைச் சோதிக்க ஆள் போதாது.

கடுமையான விதியைக் கடைப்பிடிக்க முடியாதபோது ஜனங்கள் என்ன செய்வார்கள்? மீறுவார்கள். தியாகராய நகரின் கடைத் தெருக்களில் மீறாத கட்டடத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்த காலம் உண்டு. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-ஆம் தேதிக்கு முன் கட்டிய மீறல்களுக்குப் பணம் கட்டி மன்னிப்புப் பெறலாம் என்றார்கள். ஒரே ஒரு முறைதான் என்றும் சொன்னார்கள். அதன் பிறகும் மீறல்கள் நின்றபாடில்லை. மன்னிப்புத் திட்டங்களும் நின்றபாடில்லை. இதில் சாமர்த்தியசாலிக்கு லாபம். விதியை நம்பிச் சின்னதாகக் கட்டினவன்தான் அசடு.

பணமும் சாமர்த்தியமும் இல்லாதவர்களுடைய கதி இன்னொரு விதம். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டவர்களை 2000-ஆம் வருஷம் முதல் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. விடியற்காலையில் மந்தைவெளிக்கும் மயிலாப்பூருக்கும் பாத்திரம் துலக்க வருகிற பெண்களை அந்த வழி பஸ்களில் பார்க்கலாம். அவர்கள் வேலை செய்யும் தெருக்களில், சட்டப்படி கட்டக்கூடிய மிகச் சிறிய வீடுகூட அவர்களுக்கு எட்டாது. நூறு வருஷத்துக்கு முன் அதே தெருவின் பின்கட்டில் அவர்களைப் போன்றவர்களுக்கு ஓர் அறை இருந்தது. சௌகரியமான அறை அல்ல. ஆனால் பத்து நிமிஷ நடையில் வேலை.

ஆசிரியையிடம் திரும்புவோம். 2017-ஆம் வருஷத்தில் அரசாங்கம் அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத் திட்டம் கொண்டுவந்தது. அவர் இரண்டு விதக் கட்டணங்கள் கட்டி, நாலைந்து தடவை நடந்து, தம் மனையைச் சட்டப்படியான மனையாக்கிக் கொண்டார். 2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிறவர்கள் தாங்களே உறுதிமொழி அளித்து உடனடியாக அனுமதி பெறலாம் என்ற ஏற்பாடு வந்தது. நாம் கண்டவரை, அண்மைக் காலத்தில் சிறிய மனைக்காரரை நினைத்துச் செய்த உருப்படியான காரியம் இது. ஆசிரியை தம் மகனைக் கொண்டு இணையத்தில் விண்ணப்பித்தார். மகன் இப்போது சம்பாதிக்கிறான். 2016-ல் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை எப்படிக் கட்டினார்கள் என்று நாம் கேட்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்தோம், மஞ்சள் கயிறுதான் இருந்தது.

சென்ற மாதம் அவருடன் அந்த இடத்துக்குப் போயிருந்தோம். அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. இருபதடி அகலத்தில், விட வேண்டியதை விட்டது போக, இரண்டு அறையும் சமையற்கட்டும். நடுவில் மூன்றடிச் சதுரமாக ஓர் இடத்தைத் திறந்தபடி விட்டிருந்தார். மேஸ்திரிக்கு அது வீண் என்று அபிப்பிராயம்.

"இருக்கட்டும்" என்றார் ஆசிரியை. "திருவல்லிக்கேணி வீட்டில் முற்றத்தில்தான் வெயில் வரும்."